எந்த வகுப்பில் சேர்ப்பது? மண்டபம் கரையில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி: நிகழ்வு ஆய்வு

குட்டி: சிப்பிப்பாறை இன நாய், பெண், செவலை நிறம், முதலில் பார்த்தபோது 8 வார வயது. வீடு: ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரை ஒட்டிய ஒரு மீனவர் குடியிருப்பு. வீட்டில் விசைப்படகுத் தொழிலுக்குப் போகும் அப்பா, அம்மா, அப்பத்தா, கல்லூரியில் படிக்கும் மகள், ஆறாம் வகுப்புப் பையன். ஏப்ரல் கடைசியில் முதல் தடுப்பூசிக்காகத் தூக்கி வந்தார்கள். ஊசி போட்டு முடித்ததும் மகள் கேட்டாள்: "இதை ட்ரெய்னிங் கிளாஸ்ல சேக்கணும்னு இருக்கோம் டாக்டரம்மா. மூணு இடம் விசாரிச்சு வச்சிருக்கோம். எதுல சேக்கலாம்?"

கால்நடை மருத்துவராக இந்தக் கரையோரத்தில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் ஆறு மாதம், எட்டு மாதம் ஆன நாயோடுதான் வரும். அதற்குள் நாய் யாரையாவது கடித்திருக்கும். இல்லையென்றால் சங்கிலியிலேயே வளர்ந்து, எதைப் பார்த்தாலும் குரைக்கிற நிலைக்கு வந்திருக்கும். இந்தக் குடும்பம் எட்டு வாரத்திலேயே கேட்டதால் ஆரம்பத்திலிருந்து கூட இருந்து பார்க்க முடிந்தது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். குட்டியை இங்கே ஜூலி என்று அழைக்கிறேன். குடும்பத்தையும் வகுப்புகளையும் அடையாளம் காட்டும் விவரங்களைச் சேர்க்கவில்லை.

குட்டியின் நிலை

மேஜையில் வைத்ததும் ஜூலி அசையாமல் நின்றது. "எவ்வளவு சமத்தா நிக்குது பாருங்க" என்று அப்பத்தா பெருமைப்பட்டார். எனக்கு அது பயத்தில் விறைத்து நிற்பதாகத்தான் பட்டது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. காது பின்னால் படிந்திருந்தது. வேகவைத்த மீன் துண்டை மூக்கருகே நீட்டியும் முகரவில்லை. தரையில் விட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வந்து அதே துண்டைத் தின்றது. சாலையில் ஒரு லாரி ஹார்ன் அடித்ததும் நாற்காலிக்கு அடியில் போய்ப் பதுங்கியது. உடம்பில் குறை எதுவும் இல்லை. காது மடலில் இரண்டு உண்ணி, அவ்வளவுதான்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கொட்டகையில் பிறந்த குட்டி. தாயையும் கூடப் பிறந்தவற்றையும் சோறு வைக்கும் ஒருவரையும் தவிர வேறு எதையும் பார்க்காமல் வளர்ந்தது. அங்கிருந்து நேராக ஐஸ் உடைக்கும் சத்தம், டீசல் இன்ஜின், பள்ளிவாசல் பாங்கு, கோயில் மணி, ரயில் எல்லாம் சேர்ந்து கேட்கும் ஒரு ஊருக்கு வந்திருக்கிறது. சிப்பிப்பாறை பார்வையால் இரையைத் துரத்தும் வேட்டை நாய் வகை. நான் பார்த்தவரை இவை அதட்டலுக்குச் சட்டென்று சுருங்கிவிடும். அதட்டினால் எதிர்த்து நிற்காது, ஒதுங்கிப்போகும். ஒதுங்கிப்போவதைப் பணிவு என்று எடுத்துக்கொள்கிற பயிற்சியாளரிடம் இந்த மாதிரிக் குட்டி மாட்டினால் என்ன ஆகும் என்பதுதான் அன்றைக்கு என் மனதில் ஓடியது.

வீட்டில் வேறொரு தொல்லையும் இருந்தது. பையன் ஓடினால் கணுக்காலைக் கவ்வுகிறது. விளையாட்டுதான், பால் பல். ஆனாலும் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பையனிடமே சொன்னேன். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதத்தில்தான் போடப்படும். குட்டிகளும் குழந்தைகளும் ஒன்றாகக் கூடுகிற வகுப்புக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

தடைக்காலக் கணக்கு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில் இருக்கும் காலம் அது. வலை பின்னுவது, படகுக்குச் சாயம் அடிப்பது என்று வேலை இருந்தாலும் மாலையில் வீட்டில் இருப்பார். ஜூன் 15-க்குப் பிறகு அந்த வீட்டின் நாள்களே வேறு. திங்கள், புதன், சனி கடலுக்கு. மறுநாள் காலை கரை சேர்ந்து மீனைப் போட்டுவிட்டு வந்து தூக்கம்.

குட்டியின் வயதை இதோடு வைத்துப் பார்த்தேன். அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துக் கவனித்து 1965-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 3-ஆவது வாரத்திலிருந்து 12-ஆவது வாரம் வரை குட்டி தன்னைச் சுற்றியுள்ளவற்றை 'இது நம் உலகம்' என்று ஏற்றுக்கொள்ளும் பருவம் என்பது அவர்கள் கண்டது. பின்னால் வந்தவர்கள் அதை 14 வாரம் வரை நீட்டிச் சொல்கிறார்கள். அந்த வயதில் நல்லபடியாகப் பழகாததைப் பிற்பாடு பழக்க முடியும், ஆனால் பல மடங்கு பாடுபட வேண்டும். ஜூலிக்கு 14 வாரம் முடிவது ஜூன் முதல் வாரம். அதாவது அப்பா கரையில் இருக்கும் நாள்களும் குட்டியின் மனம் திறந்திருக்கும் நாள்களும் கிட்டத்தட்ட ஒரே நாள்கள். வகுப்பை யோசித்து யோசித்து ஜூலைக்குத் தள்ளினால் இரண்டும் கைவிட்டுப் போய்விடும்.

ஆகவே நான் முதலில் சொன்னது: எந்த வகுப்பாக இருந்தாலும் இன்னும் பத்துப் பதினைந்து நாளில் தொடங்குகிற வகுப்பாக இருக்கட்டும்.

உடனே அம்மா கேட்டார்: "எல்லா ஊசியும் போட்டு முடியுற வரைக்கும் வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு சொல்றாங்களே?"

பல மருத்துவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், காரணம் இல்லாமல் இல்லை. குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தந்து கொல்லக்கூடிய பார்வோ வைரஸ், நோய்கண்ட நாயின் மலத்தில் வந்து மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுப்பதால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். கடைசி ஊசி வரை காத்திருந்தால் பழகும் பருவம் முடிந்துவிடுகிறது. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் இதில் தெளிவாக ஒரு நிலை எடுத்திருக்கிறது. 7-8 வாரத்திலேயே குட்டிகளை வகுப்புக்கு அனுப்பலாம். வகுப்புக்குக் குறைந்தது 7 நாள் முன்பாவது முதல் சுற்றுத் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். 2013-இல் அங்கே வெளிவந்த ஓர் ஆய்விலும், ஓர் ஊசியாவது போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போன குட்டிகளுக்குப் பார்வோ அபாயம் கூடவில்லை என்றே தெரிந்தது.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. அங்கே வகுப்பு நடப்பது கழுவித் துடைக்கிற தரையில். நம் ஊரில் திறந்த மைதானம், சுற்றிலும் தெருநாய்கள். அதனால் நான் வகுத்துக்கொண்ட எல்லை இது: கடற்கரை, மீன் இறங்குதளம், தெரு மூலை, கருவாடு காயும் களம் எதிலும் குட்டியைத் தரையில் விடக் கூடாது. வேலி போட்ட, தெருநாய் நுழையாத, வருகிற குட்டிகள் எல்லாவற்றின் ஊசி அட்டையையும் வாங்கிப் பார்க்கிற இடம் என்றால் போகலாம். வழியில் தூக்கிக்கொண்டே போகட்டும். மடியில் உட்கார்ந்து ரயிலையும் படகையும் பார்ப்பதற்கு ஊசி தடையில்லை.

மூன்று இடங்கள்

குட்டியை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் ஒரு முழு வகுப்பைப் பாருங்கள், சேர்வதாக எதுவும் சொல்லாதீர்கள் என்று சொன்னேன். பார்க்க விட மாட்டேன் என்று சொல்கிற இடத்தை அப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

பயிற்சியாளர் வைத்திருக்கும் பழக்கப்பட்ட நாயைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பது நான் சொன்ன அடுத்த விஷயம். எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். 'சிட்' என்றால் உட்காரும், 'டவுன்' என்றால் படுக்கும், கைகுலுக்கும். அது அவர் வருஷக்கணக்கில் வளர்த்த நாய், அதனால் உங்கள் குட்டிக்கு என்ன நடக்கும் என்று அது சொல்லாது. அந்த வகுப்பில் இருக்கிற குட்டிகளிலேயே எது பயந்தாங்கொள்ளியோ, எது சொன்னதைச் செய்யாமல் நிற்கிறதோ, அந்த ஒன்றை மட்டும் கண்ணெடுக்காமல் பாருங்கள். அதற்கு என்ன நடக்கிறதோ அதுதான் ஜூலிக்கும் நடக்கப் போகிறது.

முதல் இடம் ராமநாதபுரம் ஊருக்கு வெளியே, காலை நேர மைதானம். அப்பாவும் மகளும் போனார்கள். இருபது நாய்க்குக் குறையாது. மூன்று மாதக் குட்டியும் இரண்டு வயது ஜெர்மன் ஷெப்பர்டும் ஒரே வரிசையில். எல்லாவற்றின் கழுத்திலும் இழுத்தால் இறுகுகிற சங்கிலி. மாஸ்டர் அனுபவசாலி, பேச்சில் கண்ணியமானவர், கட்டணமும் குறைவு. நாலு மாத லாப்ரடார் குட்டி ஒன்று வெயிலில் படுத்துக்கொண்டு எழ மறுத்தது. சங்கிலியை மேல்நோக்கி இரண்டு முறை சுண்டினார். மூன்றாவது சுண்டலில் எழுந்து, பிறகு கடைசிவரை அவர் காலோடு ஒட்டியே நடந்தது. அப்பாவுக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போனது. "அம்புட்டு நாய் நிக்குது, ஒரு சத்தம் இல்ல" என்றார் என்னிடம்.

மகள் கைபேசியில் எடுத்த படத்தை மூவரும் சேர்ந்து பார்த்தோம். அந்தக் குட்டி நடக்கும்போது நாக்கால் மூக்கைத் திரும்பத் திரும்ப நக்குகிறது. தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிறது. இவையெல்லாம் நெருக்கடியில் இருக்கும் நாயின் அடையாளங்கள். என் மேஜையில் ஜூலி நின்றதும் இப்படித்தான் என்று சொன்னதும் அப்பா படத்தை மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். இந்த முறை அவர் பார்த்தது வேறு.

அந்த மாஸ்டரைக் குறை சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அவர் கற்றுக்கொண்ட வழி பழையது, அதற்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. 1910 வாக்கில் ஜெர்மனியில் போலீஸ் நாய்களுக்காகக் கான்ராட் மோஸ்ட் வகுத்த முறைகள் ராணுவம், காவல்துறை வழியாக உலகமெங்கும் பரவின. வளர்ந்த, திடமான நாய்களுக்கென்று உருவானவை. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாயை வகுப்பில் சேர்ப்பதில்லை என்ற வழக்கமும் அந்தக் காலத்தில்தான் நிலைத்தது. 1980-களில் கலிபோர்னியாவில் இயன் டன்பார் சின்னக் குட்டிகளுக்கென்று, கயிறில்லாமல், தீனியும் விளையாட்டுமாக வகுப்புகளைப் பரவலாக்கிய பிறகுதான் அது மெல்ல மாறியது. 2020-இல் போர்ச்சுகலின் போர்ட்டோவில் ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை ஆராய்ந்தார்கள். தண்டனை அதிகம் உள்ள பள்ளிகளின் நாய்கள் வகுப்பின்போது நெருக்கடி அடையாளங்களை அதிகம் காட்டின. வகுப்புக்குப் பின் எச்சிலில், நெருக்கடியில் சுரக்கும் கார்டிசாலின் அளவும் கூடியிருந்தது. முன்பு சொன்ன அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2021-இல் எந்த நாய்க்கும் பரிசு வழிப் பயிற்சி மட்டுமே போதும் என்று அறிவித்துவிட்டது. நானும் அதே கருத்துடையவள். நம் நாட்டில் நாய்ப் பயிற்சியாளராக அரசு உரிமம் எதுவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் இதையெல்லாம் சோதிக்க வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது.

இரண்டாவது இடம் மதுரையில். முறை நல்லது என்று விசாரித்ததில் தெரிந்தது: குறைந்த குட்டிகள், குளிரூட்டிய கூடம், கழுவித் துடைக்கும் தரை. ஆனால் மண்டபத்திலிருந்து 150 கிலோமீட்டர் அளவு தூரம். கோவில்பட்டியிலிருந்து வரும்போதே ஜூலி வழியெல்லாம் வாந்தி எடுத்த குட்டி. மே மாத வெயிலில் வாரம் இரண்டு முறை அந்தப் பயணம் என்றால், வகுப்பில் கற்றதைவிடக் காரைப் பார்த்து நடுங்கத்தான் அதிகம் கற்றுக்கொள்ளும். "ஒரு மாசம் எங்ககிட்ட விட்டுருங்க, ட்ரெய்னிங் முடிச்சுத் தர்றோம்" என்று வேறொருவர் சொன்ன ஏற்பாட்டையும் மகள் கேட்டு வந்திருந்தாள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஓரிடத்தில் ஒருவரிடம் கற்றதை நாய் இன்னோர் இடத்தில் இன்னொருவரிடம் தானாகச் செய்துவிடாது. அங்கே யார் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கவும் வழியில்லை. அதைவிட முக்கியம், பழகும் பருவத்தின் ஒரு மாதத்தை இந்த வீட்டு மனிதர்கள் இல்லாமல் கழித்துவிடும்.

மூன்றாவது இடம் உச்சிப்புளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. வெளியூரில் நாய்க் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய இளைஞர் ஒருவர், வெள்ளியும் ஞாயிறும் மாலையில் நடத்துகிறார். ஐந்து குட்டிகள்தான், எல்லாம் ஐந்து மாதத்துக்கு உட்பட்டவை. ஆறு வாரப் பாடம். இந்த முறை அம்மா, அப்பத்தா, மகள் மூவரும் போனார்கள். அவர்கள் சொன்னதில் எனக்குப் பட்டது மூன்று.

ஒன்று, வாசலிலேயே ஊசி அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறார். அட்டை கொண்டுவராத ஒருவரைத் திருப்பி அனுப்பியதை அப்பத்தா கண்ணால் பார்த்தார். இன்னொன்று, நான் பார்க்கச் சொன்ன பயந்த குட்டி. அங்கேயும் ஒன்று இருந்தது, கறுப்பு நாட்டுக்குட்டி. வலைத்துணியை இரண்டு தென்னைக்கு நடுவே கட்டி மறைப்பு ஒன்று செய்திருக்கிறார்கள். குட்டி அந்த மறைப்புக்குப் பின்னால் தன் வீட்டுக்காரப் பெண்ணோடு உட்கார்ந்துகொண்டது. யாரும் போய் இழுக்கவில்லை, தடவவில்லை, 'பயப்படாதே வா' என்று கூப்பிடவில்லை. முக்கால் மணி நேர வகுப்பில் பாதிக்கு மேல் போன பிறகு துணி ஓரமாக மூக்கை நீட்டியதாம். மாஸ்டர் அதன் பக்கம் திரும்பாமலே ஒரு துண்டுத் தீனியைத் தரையில் உருட்டிவிட்டார். அவ்வளவுதான் செய்தார். இதைக் கேட்டபோதே எனக்கு முடிவு பாதி வந்துவிட்டது.

மூன்றாவது, நான் எழுதிக் கொடுத்த கேள்விக்கு வந்த பதில். "சொன்னதைக் கேக்காட்டி என்ன செய்வீங்க?" என்று இரண்டு இடத்திலும் கேட்கச் சொல்லியிருந்தேன். ராமநாதபுரத்தில் கிடைத்த பதில்: "கேக்காம எங்க போகும்? ஒரு வாரத்துல கேக்க வச்சிரலாம்." தோப்பில் கிடைத்த பதில்: "நான் குடுத்த வேலை அதுக்குப் பெருசா இருக்குன்னு அர்த்தம்மா. சின்னதா மாத்திக் குடுப்பேன்."

குறைகளும் இருந்தன. விளையாட்டு நேரத்தில் ஒரு கொழுத்த லாப்ரடார் குட்டி மற்றவற்றை உருட்டித் தள்ளியதை மாஸ்டர் பிரித்துவிட்டது உண்மைதான். ஆனால் கொஞ்சம் தாமதமாக என்று மகள் சொன்னாள். தோப்பு என்பதால் உண்ணி நிச்சயம் இருக்கும். இந்த மாவட்டத்தில் உண்ணிக் காய்ச்சலால் ரத்தத்தட்டுகள் இறங்கி வரும் நாய்கள் அடிக்கடி பார்ப்பவை. அப்புறம் மணல் தரை. பார்வோவைக் கொல்லப் பினாயில் உதவாது, ப்ளீச்சிங் கரைசல் வேண்டும். மணலில் அதை ஊற்றியும் பயனில்லை. அதனால் குட்டிகள் மலம் கழித்தால் யார் எடுப்பது, வகுப்பில் எந்தக் குட்டிக்காவது பார்வோ வந்ததா என்று நானே தொலைபேசியில் கேட்டேன். ஒளிக்காமல் பதில் சொன்னார்: போன ஆண்டு ஒரு குட்டிக்கு வந்தது, வகுப்பை நிறுத்தி இடத்தைத் தோப்பின் வேறு மூலைக்கு மாற்றினேன் என்று. வரவே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

வெள்ளி, ஞாயிறு என்பது இந்த வீட்டுக்கு அமைந்த நாள்கள். தடைக்காலம் முடிந்து அப்பா திங்கள், புதன், சனி கடலுக்குப் போனாலும் இந்த இரண்டு மாலையும் கரையில் இருப்பார். அலுப்பு இருக்கும், அது வேறு. உண்ணி மருந்தைக் குட்டியின் எடைக்கு ஏற்பக் கொடுத்து, இரண்டாவது சுற்று ஊசியைத் தேதி தவறாமல் போடுவது என்ற நிபந்தனையோடு தோப்பு வகுப்பைத் தேர்ந்தோம்.

வகுப்பில் நடந்தது

முதல் வகுப்பில் ஜூலி அப்பத்தாவின் சேலைக்குள்ளேயே இருந்தது. இரண்டாவதிலும் அப்படித்தான், வலைத்துணி மறைப்புக்குப் பின்னால். அம்மாவுக்கு ஏமாற்றம். மற்ற குட்டிகள் உட்காரக் கற்றுக்கொள்கின்றன, காசு கட்டி நாம் சேலைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று. நான் கேட்டது ஒன்றே ஒன்று: தீனி தின்றதா? தின்றது. அப்படியென்றால் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. மனிதர்கள், மற்ற குட்டிகள், தென்னை ஓலை விழும் சத்தம், இவை நடக்கும்போது தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அந்த வயதில் 'சிட்'டைவிடப் பெரிய பாடம்.

தீனியைப் பற்றி ஒரு சொல். கருவாட்டைக் கிள்ளிக் கொடுக்கலாமா என்று அப்பத்தா கேட்டார். உப்பு அதிகம், வேண்டாம். உப்புப் போடாமல் வேகவைத்து, முள் எடுத்து, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு கிள்ளிய மீன். இந்தக் கரையில் இதைவிட மலிவான, நாய்க்குப் பிடித்த பரிசு கிடையாது. மாஸ்டரும் கடைத் தீனியை வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை.

மூன்றாவது வாரம் ஜூலி மறைப்பை விட்டு வெளியே வந்தது. அந்தக் கறுப்பு நாட்டுக்குட்டியோடுதான் முதல் விளையாட்டு. நல்ல விளையாட்டு எப்படி இருக்கும் என்று மாஸ்டர் வீட்டுக்காரர்களுக்குக் காட்டினார். மாறி மாறித் துரத்த வேண்டும், இடையிடையே இரண்டும் நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால் துரத்துகிற குட்டியைப் பிடித்து வைத்துப் பாருங்கள், துரத்தப்பட்டது திரும்பி வந்தால் அதற்கும் பிடித்திருக்கிறது. விலகிப் போனால் போதும் என்கிறது. இதை அந்தப் பையன் வீட்டில் தன் கணுக்காலுக்கும் பொருத்திக்கொண்டான். கவ்வினால் ஓடாமல் மரம் மாதிரி நிற்பது, வாயில் கயிற்றுத்துண்டைக் கொடுப்பது என்று. பத்து நாளில் கவ்வல் குறைந்துவிட்டது.

வீட்டில் ஒரே செயலுக்கு ஆளுக்கொரு சொல் ஓடிக்கொண்டிருந்தது. பையன் 'கம்' என்பான், அப்பத்தா 'இந்தா வா' என்பார், அப்பா சீட்டி அடிப்பார். வகுப்பில் எல்லாரையும் உட்கார வைத்து 'வா', 'உக்காரு', 'விடு' என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டச் செய்தார் மாஸ்டர்.

'விடு' என்பதற்கு நான் எல்லாவற்றையும்விட அதிகம் அழுத்தம் கொடுக்கச் சொன்னேன். காரணம் இந்தக் கரை. வலையில் சிக்கிய பேத்தை மீனைக் கரையில் கழித்துப் போடுவார்கள். அதில் இருக்கும் டெட்ரோடாக்சின் நரம்புகளை முடக்கி மூச்சை நிறுத்தும் நஞ்சு, அதற்கு முறிவு மருந்து கிடையாது. தூண்டில் முள்ளோடு கிடக்கும் இரை, நைலான் நூல், அழுகிய சொறிமீன் என்று ஒரு நாய்க்குட்டியின் வாய்க்குப் போகக் கூடாதவை மணல் முழுக்கக் கிடக்கும். நகரத்து வகுப்பில் 'விடு' என்பது செருப்பைக் காப்பாற்ற. இங்கே அது உயிர்ப் பிரச்சினை. மாஸ்டர் இதை மூடிய கையில் மீனை வைத்துத் தொடங்கினார். கையை மோப்பம் பிடித்து, நக்கி, பிறகு விலகும் கணத்தில் மறு கையிலிருந்து பரிசு. அப்புறம் திறந்த கை, தரை, கயிறோடு நடக்கும்போது தரையில் கிடப்பது என்று படிப்படியாக. நான்கு வாரத்தில் ஜூலி தரையில் கிடந்த மீன் தலையைப் பார்த்துவிட்டு மகள் முகத்தைப் பார்த்ததாம். அந்தக் காணொளியை எனக்கு அனுப்பியிருந்தாள். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

பாதம், காது, வாய் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கப் பழக்குவதையும் அந்த வகுப்பில் சேர்த்திருந்தார்கள். உண்ணி எடுக்கவும், உள்ளங்காலில் ஏறிய சீமைக்கருவேல முள்ளைப் பிடுங்கவும் இந்த ஊரில் அது தினப்படி தேவை. வெறிநோய் ஊசிக்கு வந்தபோது ஜூலி மேஜையில் ஏறியதும் விறைக்கவில்லை. கொஞ்சம் நெளிந்தது, மீனைத் தின்றது, ஊசி போட்டது தெரியாமல் இன்னொரு துண்டு கேட்டது.

வகுப்பு தராதவை

ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் சத்தம் வகுப்பில் தீரவில்லை, தீரவும் முடியாது. தோப்பில் அந்த இயந்திரம் இல்லை. தடைக்காலத்தில் இறங்குதளம் அமைதியாக இருந்ததால் பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை. ஜூன் 15-க்குப் பிறகு ஒரே நேரத்தில் எல்லா இயந்திரமும் ஓடத் தொடங்கியதும் ஜூலி இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. இதற்கு வீட்டில் செய்ய வேண்டிய வேலை தனி. சத்தம் கேட்டாலும் தீனி தின்கிற தூரத்தில் நின்று தொடங்கி, நாளுக்குச் சில அடிகள் மட்டும் நெருங்க வேண்டும். தின்ன மறுத்தால் அன்றைக்கு அதுதான் எல்லை, அங்கிருந்து பின்னால் வந்துவிட வேண்டும். அப்பாவுக்கு இது பொறுமையைச் சோதித்தது. "பழகிரும்னு ஒரே அடியாக் கொண்டுபோய் நிறுத்திட்டா என்ன?" என்று இரண்டு முறை கேட்டார். அப்படி நிறுத்தி, பிறகு இறங்குதளத்துப் பக்கமே வராமல் போன நாய்களை நான் பார்த்திருக்கிறேன். மகள் மாலைகளில் தொடர்ந்து செய்தாள். ஆகஸ்டுக்குள் ஜூலி இறங்குதளத்துச் சுவர் வரை வந்து உட்காரத் தொடங்கியது. உள்ளே இன்னும் போவதில்லை.

அப்பா கடலுக்குப் போகத் தொடங்கியதும் ஜூலி சொன்னதைக் கேட்பதிலும் ஒரு சரிவு. அதுவரை 'வா' என்றால் வந்துகொண்டிருந்தது, இப்போது வாசலைப் பார்த்தபடி நிற்க ஆரம்பித்தது. மாஸ்டர் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு வேளை உணவைக் கையாலேயே, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னார். அது உதவியது. ஆறு வார வகுப்பு முடிந்த பின்னும் தொலைபேசியில் கேட்டால் பதில் சொல்கிறவராக அவர் இருந்தது சேரும்போது நாங்கள் கணக்கில் எடுக்காத ஒரு நன்மை. அடுத்து யாராவது என்னிடம் வந்தால், வகுப்பு முடிந்த பிறகு கேள்வி இருந்தால் என்ன செய்வது என்றும் முன்கூட்டியே கேட்டுவிடச் சொல்வேன்.

துரத்தும் குணம் இன்னொன்று. ஐந்து மாதத்தில் முதல் முறை ஆட்டைக் கண்டதும் ஓடியது. அந்த வேகத்தில் 'வா' என்ற சொல் காதில் ஏறுவதில்லை. இது பயிற்சியின் தோல்வி என்று பையன் அழுதான். தலைமுறை தலைமுறையாக முயலைத் துரத்துவதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த இனம். ஐந்து குட்டிகள் கூடும் வகுப்பில் ஆறு வாரத்தில் அதை அணைத்துவிடுவோம் என்று யாராவது உறுதி சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். கீழக்கரை வரைக்கும் திறந்த மணலும் ஆட்டுக் கூட்டமும் உள்ள கரை இது. ஆட்டுக்காரர்களின் பிழைப்பையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

இப்போது ஜூலிக்கு ஏழு மாதம். வெறிநோய் ஊசி ஓராண்டு கழித்து மறுபடி போட அட்டையில் குறித்திருக்கிறது. கருத்தடை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். வளர்ந்த நாய்களுக்கான அடுத்த வகுப்பில் சேர்க்கலாமா என்று மகள் கேட்டாள். அதே தோப்பில், அதே மாஸ்டரிடம், ஆனால் இந்த முறையும் முதலில் நாயில்லாமல் போய் ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பெரிய நாய்கள் கூடும் இடத்தில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது இன்னும் நாங்கள் பார்க்காதது. அதுவரை வேலிக்கு வெளியே கயிறு கழற்றுவதில்லை. அப்பா பழைய வலைக்கயிற்றில் பத்து மீட்டர் எடுத்துப் பின்னிக் கொடுத்திருக்கிறார், கழுத்தில் மாட்டாமல் மார்புப் பட்டையில் கோத்துப் பிடிக்கிறார்கள்.